மைனஸ் ஒன்பது வாட்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

போனில் கூப்பிட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் காகிதம்.

வாத்து செத்துப்போனாள். அவளை நீ பார்த்திருக்கிறாய். போன வருஷம் எங்கள் குடோனில் வேலை வேகத்தை அளக்க நீ வந்தபோது, எனக்கு அடுத்த ரேக்கில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவள். இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடப்பாள். அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள், வேறு யாராவது வைப்பதற்குள்.

ஜனவரி மாசக் கடைசி என்று ஆறு நாள் தொடர்ந்து இரட்டை ஷிப்ட் போட்டார்கள். ஐந்தாம் நாள் அவளால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை, கை தோளுக்கு மேல் போகவில்லை. நான்தான் வாரிவிட்டேன். கை இரண்டும் ஊதி, தொட்டால் மரக்கட்டை மாதிரி இருந்தது. ஆறாம் நாள் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறது என்றாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு, கிட்னியை அடைச்சிருக்கு" என்று டாக்டர் சொன்னார். நாலாம் நாள் முடிந்துபோயிற்று.

இனி உன் விஷயம். நீ வந்துபோன பிறகு ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டினார்கள். கீழிருந்து மேல் தட்டுக்குப் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம். மேல் தட்டிலிருந்து தரைக்கு இறக்குகிற எங்களுக்கு ஆயிரத்து ஐநூறு. இரண்டும் ஒரே சோப்புத்தூள் பெட்டி, ஒரே பன்னிரண்டு கிலோ. ஏன் சார் என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்னார்: "பூமியே இழுத்துக் குடுக்குதும்மா. நீங்க சும்மா கையை வெச்சிருந்தா போதும்."

மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள். ஏற்றுகிறவளுக்கு அதில் ஐந்து வாட் என்று காட்டும். எங்களுக்கு மைனஸ் ஒன்பது. குடோனில் எங்களுக்கு மைனஸ் கும்பல் என்றே பேர். "என்னை பிளக்குல சொருகிடாதீங்கடி, தெருவே இருட்டாயிடும்" என்பாள் வாத்து.

ஏப்ரல் இரண்டாம் தேதி தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. கம்பெனி அவரிடம் எழுதிக் கொடுத்திருப்பதை அவர் ஆபீஸில் இப்போதே வாசித்துக் காட்டினார்கள். அட்டவணைப்படி இறக்கு வரிசையில் உடல் உழைப்பு பூஜ்யம், ஆகவே இந்த மரணத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பெண் ஏதோ மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். அட்டவணைக்குக் கீழே உன் கையெழுத்து இருக்கிறது. நீ வந்து அந்தப் பூஜ்யம் தப்பு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

அளக்க வந்த அன்று நீ என்னைத் தெரியாதவள் மாதிரி நின்றதைப் பற்றி இதில் எழுதவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் தோழியின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வருத்தம் என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். என் கையில் அது நன்றாக இல்லை.

நான் மனசாட்சி இல்லாமல் கணக்குப் போட்டதாக நீ நினைக்க வேண்டாம். பன்னிரண்டு கிலோவை ஒன்றரை மீட்டர் தூக்கினால் நூற்று எழுபத்தாறு ஜூல். அதை எத்தனை நொடியில் செய்கிறோம் என்று வகுத்தால் திறன் கிடைக்கும், அதுதான் வாட். இறக்கும்போது பெட்டி கீழே போகிறது, உன் கையின் விசை மேல்நோக்கி இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை, அதனால் எதிர்க்குறி. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

என் மேலதிகாரி அந்த எதிர்க்குறியை அப்படியே வைக்கச் சொன்னார். அதாவது இறக்குகிறவர்கள் இறக்கும்போதே ஓய்வெடுக்கிறார்கள் என்று ஆகும், இலக்கு ஆயிரத்து எழுநூறாகும். நான் ஒரு வாரம் வாதாடி அதைப் பூஜ்யமாக்கினேன். உனக்காகத்தான்.

விசாரணைக்கு வர இயலாது. உங்கள் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்கு எதிராகப் பேசக் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தக் காரணத்தை நீ ஏற்க மாட்டாய் என்றும் தெரியும்.

நீ அந்த வரிசையிலிருந்து மாற்றல் கேட்கலாமே? கேட்டால் தருவார்கள் இல்லையா?

தங்கை


மார்ச் 15

தங்கச்சிக்கு,

எனக்காகப் பூஜ்யம் போட்டாயா? ரொம்ப நன்றி. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாத்து வீட்டுச் சுவரில் மாட்டச் சொல்கிறேன்.

மாற்றல் கேட்டால் தருவார்கள். என் இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்துவார்கள். நீ படித்த படிப்பில் இது வராதா?

நான் உன் அளவுக்குப் படிக்கவில்லை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் நீ பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாப் பாடத்தையும் கேட்டிருக்கிறேன். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும். இதை நூறு தடவையாவது கத்தியிருப்பாய். உயரத்தில் இருக்கிற பொருளுக்குள் ஆற்றல் உட்கார்ந்திருக்கிறது என்றும் கத்தினாய்.

சரி, மேல் தட்டில் பெட்டி இருக்கிறது. உள்ளே நீ சொன்ன நூற்று எழுபத்தாறு இருக்கிறது. கையை விட்டால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு தடவை விட்டிருக்கிறேன். அட்டை கிழியும், தூள் இரண்டு ரேக் தூரத்துக்குச் சிதறும், குடோன் முழுக்க சத்தம் கேட்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். நானே இறக்கினால் ஒன்றும் ஆகாது. பூ மாதிரி உட்காரும்.

அப்படியென்றால் கிழியாத அட்டையும் வராத சத்தமும் எங்கே போயின? அழியாது என்று நீதானே சொன்னாய். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு தடவை அது எங்கேயோ போகிறது. உன் பூஜ்யத்துக்குள் போய்விட்டதா?

இதற்குப் பதில் எழுது. ஒப்பந்தத்தைப் பற்றி எழுதாதே.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

உனக்குள் போகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். அவற்றில் பெட்டி இருக்கிறது, உயரம் இருக்கிறது. பெட்டியைப் பிடித்திருக்கிற ஆள் இல்லை. பிறகு ஓர் உடலியல் மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

தசை ஸ்பிரிங்காக இருந்திருந்தால், இறங்கும் பெட்டி அதை இழுத்துவிடும், பிறகு அது திருப்பிக் கொடுக்கும். தசை திருப்பிக் கொடுக்காது. பாரத்தை மெல்ல விடும்போது அது இறுகிக்கொண்டே நீள்கிறது. பெரும்பங்கு வெப்பமாகிறது. அந்த இழுப்பில் உள்ளே இழைகள் அறுகின்றன. தூக்குவதைவிட இறக்குவதற்கு மூச்சு குறைவாகத்தான் வாங்கும், அதனால் செய்கிறவருக்கே தெரியாது. அறுவது மட்டும் அதிகம். அளவு மீறினால் அறுந்தது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். நிறம் கறுக்கும். "இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "என் பாடத்தில் இல்லை" என்றேன். பள்ளிப் பிள்ளை சொல்கிற பதில்.

நான் வருகிறேன். வேலை போனால் போகட்டும்.

ஆனால் வருவதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பூஜ்யம் தப்பு என்று நான் சொன்னால், ஆயிரத்து ஐநூறு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அளவுப் பதிவேட்டை வைக்க வேண்டியிருக்கும். அதில் இருப்பது இதுதான்: இறக்கு வரிசை, மாதிரி ஒருவர், தொழிலாளி எண் 61, காலை பத்து முதல் பதினொன்று வரை, நூற்றுத் தொண்ணூறு பெட்டி. அதை எட்டால் பெருக்கினேன். ஏற்று வரிசைக்கு அளந்ததிலிருந்து ஓய்வுக்கென்று ஒரு பங்கைக் கழித்தேன். இறக்கு வரிசைக்கு உழைப்பு பூஜ்யம் என்பதால் கழிக்கவில்லை.

அறுபத்தொன்று நீ.

சூப்பர்வைசர் மூன்று எண் கொடுத்து யாரை வேண்டுமானாலும் அளக்கலாம் என்றார். உறவு என்று தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அதோடு வெட்கமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ஒரு மணி நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதுதான். பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்று நீ இறக்கியது உன் வழக்கமான வேகம்தானே? அப்படி என்று மட்டும் எழுதிவிடு.

தங்கை


மார்ச் 23

தங்கச்சிக்கு,

இல்லை.

வழக்கமாக மணிக்கு நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து இறக்குவேன். எங்கள் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. யாரும் சொல்லிவைத்துக்கொண்டது இல்லை, அதுவாக அமைந்தது. மூட்டு முழங்கால் எல்லாம் கேட்டுக்கொண்டு அமைந்தது.

அன்று நீ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையும் கையில் ஸ்டாப்வாட்ச்சுமாக வந்து நின்றாய். என் எண்ணைச் சொன்னாய். என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்குத்தான் வேலை தெரியுமா, எனக்குத் தெரியாதா, பார்த்துக்கோ என்று இறக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது. நீ ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தாய். சின்ன வயசில் உனக்கு நான் கரணம் அடித்துக் காட்டினால் கண்ணை எடுக்காமல் பார்ப்பாயே, அந்த மாதிரி இருந்தது. அப்புறம் சந்தோஷத்தில்தான் இறக்கினேன். அந்த ஒரு மணி நேரம் பெட்டியே கனக்கவில்லை.

வாத்து பக்கத்து ரேக்கிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எதுக்குடி இப்படிப் பறக்குற? அந்தக் கடியாரக்காரி போனதும் எல்லாரையும் இதே ஓட்டம் ஓட விடுவாங்க."

"அவ என் தங்கச்சிடி" என்றேன்.

"தங்கச்சின்னா கூட்டிட்டுப் போய் சோறு போடு. எங்க முதுகுல ஏன் ஏத்துற?"

ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

அட்டவணை ஒட்டிய அன்று எல்லாரும் உன்னைத் திட்டினார்கள். எந்தப் புண்ணியவதி இந்தக் கணக்கைப் போட்டாள் என்றார்கள். வாத்து என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் சேர்ந்து உன்னைத்தான் திட்டினாள். ஒரு வருஷம். ஆயிரத்து ஐநூறு இறக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கடைசியில் தலை வாரிவிடு என்று என்னிடம்தான் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை, குத்தலாகக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் உனக்கு முதலில் எழுதிய கடிதத்தில் இது எதுவுமே இல்லை, பார்த்தாயா? பூஜ்யம் போட்டவள் நீ, கையெழுத்து உன்னுடையது என்று மட்டும் எழுதினேன். எழுதும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

விசாரணையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கம்பெனி வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்கே தெரிகிறது. உங்க ஆளே சிரிச்சுக்கிட்டு செஞ்சாங்களே என்பார். நான் இந்தப் பெண்களோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். எனக்கு வேறு ஊர் கிடையாது, வேறு ஆள் கிடையாது.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் எழுதவில்லை. இரண்டு நாள் கொடு.

அக்கா


மார்ச் 25

தங்கச்சிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இன்று மதியம் கழிப்பறையில் எங்கள் வரிசையில் கடைசி ரேக்கில் நிற்கிறவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நாற்பத்தைந்து வயசு, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். "கொஞ்சம் வந்து பாரேன், நிறம் சரியா இருக்கா?" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். "மஞ்சள்தான், போ" என்றேன். வெளியே வந்தால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள், அதே கேள்வியோடு. ஒருத்தி வெட்கத்தில் சிரிக்கிறாள். இப்போது தினமும் இப்படித்தானாம். வாத்துக்கு நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் எனக்குத்தான் நிறம் தெரியுமாம்.

வா. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வா. ஒரு பக்கமும் விடாதே.

அறுபத்தொன்று யார் என்று கேட்டால் நீ சொல்லாதே. நான் எழுந்து சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

விசாரணை முடிந்து வாசலில் அரை மணி நேரம் நின்றேன். நீ பின்பக்கமாகப் போய்விட்டாய் என்று காவல்காரர் சொன்னார்.

அந்த வக்கீல், "நீங்கள் போட்ட மைனஸ் குறியே தப்பா?" என்று கேட்டபோது நான் உளறினேனா என்று தெரியவில்லை. குறி சரி, அது பெட்டியோட கணக்கு, பிடிச்சிருந்தவங்க கணக்கை யாரும் போடலை, நானும் போடலை என்று சொன்னதாக ஞாபகம். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

பிறகு நீ எழுந்தாய். "அறுபத்தொண்ணு நான்தான், அன்னிக்கு நான் செஞ்சது என் வேகம் இல்ல, இவ என் தங்கச்சி, அவ பாக்கட்டும்னு செஞ்சேன்" என்று சொன்னாய். நீ நின்றுகொண்டிருந்தபோது பெஞ்சில் உன் பக்கத்தில் இருந்த மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். நீ உட்கார்ந்ததும் நகர்ந்துகொண்டார்கள். நீ அதைப் பார்க்காத மாதிரி பைக்குள் எதையோ தேடினாய். பைக்குள் ஒன்றும் இல்லை என்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

நேற்று என் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மேசையைக் காலி செய்ய ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அறை வாடகை இந்த மாசம் வரை கட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு அங்கே வரலாமா? வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று எழுத நினைத்தேன். அது பொய். சும்மாவே வர வேண்டும் போல இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

அட்டவணையைக் கிழித்துவிட்டார்கள். பசை மட்டும் சுவரில் இருக்கிறது. இப்போது இரண்டு வரிசைக்கும் தொள்ளாயிரம். மணிக்கட்டுக் கருவியையும் கழற்றிவிட்டார்கள். கட்டியிருந்த இடம் வெளுத்திருக்கிறது. வாத்தின் சாவுக்கு வேலைதான் காரணமா என்பதை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறார்களாம். எப்போது வரும் என்று அதிகாரிக்கே தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறேன். யாரும் திட்டவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தால் எனக்கும் சேர்த்துத்தான் பிடித்து வைக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. கழிப்பறையில் இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. மற்றவர்களுக்கும் நிறம் தெரிந்துவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை வாத்தின் வீட்டுக்குப் போனேன். இரண்டு வீடு தள்ளித்தான். அவள் வீட்டுக்காரர் தையல்காரர், முன் அறையிலேயே எந்திரம் போட்டிருக்கிறார். விசாரணைக்கு அவர் வந்திருந்தார், எல்லாம் கேட்டிருந்தார். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று முதலிலிருந்து சொன்னேன், அவள் பக்கத்து ரேக்கிலிருந்து சொன்னதையும் விடாமல். அவர் குறுக்கே ஒன்றுதான் கேட்டார்.

"நீ வேகமா செஞ்சதாலதான்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணா."

"வீட்ல சொல்லவே இல்லையே" என்றார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவா" என்றார். பிறகு எந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒரு சட்டையின் இரண்டு கையும் தைத்து முடிக்கும் வரை நின்றிருந்துவிட்டு வந்தேன்.

நீ வர வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் வா என்று எழுதியிருப்பேன், வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று. நீ வந்தால் முதல் நாள் அழுவோம். இரண்டாம் நாள் நீ சமைத்ததை நான் குறை சொல்வேன். மூன்றாம் நாள் சிரித்துவிடுவோம், நம் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். உன்னை நானும் என்னை நீயும் மன்னித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். அவ்வளவு சுலபமாக அது நடந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தத் தெருவில் சத்தம் நன்றாகக் கேட்கும். அவர் எந்திரம் ஓடுவது என் அறைக்குக் கேட்கிறது. நாம் சிரித்தால் அவருக்கும் கேட்கும். கேட்டால் மிதிப்பதை நிறுத்துவார். அது நின்றுபோவது எனக்கு இங்கே கேட்கும்.

அக்கா